தலையில முடி நட்டுகினு வேலூர் வந்து சேர்ந்தவங்களுக்கு

ஆபரேஷன் அன்னிக்கு பெருசா கஷ்டம் ஒண்ணும் இல்லைங்க. மரத்துப்போற ஊசி போடுறப்ப ஒரு பத்து நிமிஷம் பல்லைக் கடிச்சுக்கணும், அப்புறம் கொஞ்ச நேரம் குப்புற படு, கொஞ்ச நேரம் மல்லாக்க படுன்னு சொல்வாங்க, நடுவுல சாம்பார் சாதம் குடுப்பாங்க, சாயங்காலம் ஆறு மணிக்கு முடிஞ்சிடும். கஷ்டமெல்லாம் வூட்டுக்கு வந்தப்புறம்தான், ஏன்னா அங்க நர்ஸ் கிடையாது, கண்ணாடி இருக்கு, அம்மா இருக்காங்க, பக்கத்து வூட்டு அத்தை இருக்காங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு போன்ல தேடுறதுக்கு நெட்டும் இருக்கு.

நான் சென்னையில போய் பண்ணிகினு சத்துவாச்சாரிக்கு வந்தவன். 2,400 கிராஃப்ட், எஃப்.யு.ஈ முறை. அதாவது பின்னந்தலையில இருந்து 0.7ல இருந்து 1 மில்லிமீட்டர் வரைக்கும் அகலம் இருக்கிற, பஞ்ச்னு சொல்ற குட்டித் துளைக்கிற கருவியால வேரோட ஒவ்வொண்ணா எடுத்து முன்னாடி நடுறது. ஒரு கிராஃப்ட்னா ஒரு முடி இல்ல, ஒண்ணுல இருந்து நாலு முடி வரைக்கும் இருக்கும். இங்க நான் எழுதுறது எனக்கு நடந்ததும், என் டாக்டர் சொல்லிக் குடுத்ததும், அப்புறமா உக்காந்து படிச்சதும். உங்க டாக்டர் குடுத்த பேப்பர்ல வேற மாதிரி இருந்துச்சுன்னா அதைத்தான் கேக்கணும், என்னை இல்ல.

போறதுக்கு முன்னாடி செய்ய வேண்டியது

முதல்ல மாசம் பாருங்க. நம்ம ஊருக்கு வெயிலூர்னு பேரு சும்மாவா வந்துச்சு. நான் சித்திரை நடுவுல லீவு கிடைக்குதேன்னு போய் பண்ணிகினேன், திரும்பி வந்த மூணாம் நாள் கத்திரி வெயில் ஆரம்பிச்சிடுச்சு, தலையில வேர்வை ஊறக்கூடாது, வெயில் படக்கூடாது, தொப்பி போடக்கூடாது, இது மூணையும் மே மாசத்துல வேலூர்ல ஒருத்தன் எப்படி காப்பாத்துவான்னு நீங்களே சொல்லுங்க. கார்த்திகையில இருந்து தை வரைக்கும் நல்ல நேரம். முடியலன்னா ஏசி இருக்கிற ரூம் ஒண்ணாவது வேணும், அதுவும் கரண்ட் போனா என்ன பண்றதுன்னு முன்னாடியே யோசிச்சு வெச்சுக்கணும்.

யார் பண்றாங்கன்னு பாக்கிறதும் ஆறுறதோட சேர்ந்ததுதான். தேசிய மருத்துவ ஆணையம் 2022ல இதுக்கு ஒரு வழிமுறை போட்டுச்சு, முறையா பயிற்சி எடுத்த டாக்டர்தான் பண்ணணும், யூடியூப் பாத்து கத்துகினதெல்லாம் பயிற்சி ஆகாதுன்னு அதுல தெளிவா இருக்கு. நீங்க கேக்க வேண்டிய கேள்வி ரெண்டே ரெண்டு. என் தலையில கீறப்போறது யாரு? ராத்திரி பதினோரு மணிக்கு எனக்கு பிரச்சினைன்னா போன் எடுக்கப்போறது யாரு? ரெண்டாவது கேள்விக்கு "எங்க கஸ்டமர் கேர்"னு பதில் வந்துச்சுன்னா எழுந்து வந்துடுங்க. நான் முதல்ல போன இடத்துல அப்படித்தான் சொன்னாங்க, அட்வான்ஸ் ஐயாயிரம் போச்சு, போகட்டும்.

சர்க்கரை, பிரஷர், ரத்தம் கட்டாம இருக்க சாப்பிடுற மாத்திரை, எது இருந்தாலும் மறைக்காதீங்க. அதுக்காக அந்த மாத்திரையை நீங்களே நிறுத்தவும் கூடாது, அதை எழுதிக் குடுத்த டாக்டரைக் கேக்கணும். சிகரெட்டை ரெண்டு வாரம் முன்னாடியே விடணும், நிகோடின் ரத்தக்குழாயை சுருக்கிடும், புதுசா நட்ட இடத்துக்கு ரத்தம் வரலன்னா அப்புறம் எத்தனை ஆயிரம் கிராஃப்ட் வெச்சு என்ன பிரயோஜனம்.

வாங்கி வெக்க வேண்டியது கொஞ்சம்தான். முன்னாடி பட்டன் வெச்ச சட்டை ஒரு ஏழு (டி ஷர்ட்டை தலை வழியா மாட்டுறப்பதான் நிறைய பேருக்கு விபத்தே நடக்குது), கழுத்தைச் சுத்தி போடுற டிராவல் தலகாணி, பழைய வெள்ளைத் துண்டு நாலு, உறைஞ்ச பட்டாணி பாக்கெட் ரெண்டு. பட்டாணி எதுக்குன்னு மூணாம் நாள் தெரியும்.

வர்ற வழியும் முதல் ராத்திரியும்

சென்னையில இருந்து காட்பாடிக்கு ட்ரெயின்ல ரெண்டு ரெண்டேகால் மணி நேரம்தான், ஆனா அன்னிக்கு ட்ரெயின் வேணாம், பஸ்ஸும் வேணாம். கூட்டத்துல எவன் பை எப்ப தலையில இடிக்கும்னு சொல்ல முடியாது. கார் எடுத்துகினு வந்துடுங்க, வண்டியில ஏறுறப்ப இறங்குறப்ப குனிஞ்சு நிதானமா, கதவுக்கு மேல கையை வெச்சுகினு. முடிஞ்சா முதல் ராத்திரி அங்கயே ரூம் போட்டு தங்கி, மறுநாள் கட்டு பிரிச்சு பாத்துட்டு வர்றது இன்னும் நல்லது.

முதல் ராத்திரி தூக்கம் வராது. தலையை 45 டிகிரி தூக்கி வெச்சு, மல்லாக்க, கழுத்துல அந்தத் தலகாணியோட படுக்கணும். பின்னந்தலை தலகாணியில படலாம், முன்பக்கம் எதுலயும் படக்கூடாது. காலையில துண்டுல ரோஸ் கலர்ல நீர் ஊறியிருக்கும், எங்க அம்மா அதைப் பாத்துட்டு "அய்யோ மூளையில இருந்து வருதா"ன்னு கேட்டாங்க. இல்ல, எடுத்த இடத்துல இருந்து கசியிற நீர், ஒண்ணு ரெண்டு நாள்ல நின்னுடும்.

முதல் மூணு நாலு நாளைக்கு உங்க முழுநேர வேலை சலைன் தண்ணி அடிக்கிறது. முழிச்சிருக்கிற நேரமெல்லாம் அரை மணிக்கு ஒரு தரமோ ஒரு மணிக்கு ஒரு தரமோ, ஒரு சாண் தள்ளி வெச்சு, பனி மாதிரி. எதுக்குன்னா நட்ட கிராஃப்டுக்கு முதல்ல சொந்தமா ரத்த ஓட்டம் கிடையாது, சுத்தி இருக்கிற நீரை உறிஞ்சிதான் உசுரோட இருக்கும், ரெண்டு மூணு நாள் கழிச்சுதான் குட்டிக் குட்டியா ரத்தக்குழாய் வந்து சேரும். கணியம்பாடி பக்கம் எங்க மாமாவுக்கு கொஞ்சம் நெலம் இருக்கு, அவரு கேட்டுட்டு "நாத்து நட்டுட்டு தண்ணி கட்டுற மாதிரிதான இது, இதுக்கு இன்னா இவ்ளோ ஆர்ப்பாட்டம்"னாரு.

வேர் எப்ப பிடிக்குதுன்னு பெர்ன்ஸ்டைன், ராஸ்மன்னு ரெண்டு அமெரிக்க டாக்டருங்க 2006ல ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க. நட்ட முடியை ஒவ்வொரு நாளா இழுத்தே பாத்திருக்காங்க. முதல் ரெண்டு நாள் முடியைப் புடிச்சு இழுத்தா கிராஃப்டோட கையில வந்துடுது. மேல ஒட்டியிருக்கிற பக்கை (காஞ்ச பொருக்கை) இழுத்தா அஞ்சாம் நாள் வரைக்கும் வருது. ஒம்பதாம் நாளுக்கு மேல எப்படி இழுத்தாலும் கிராஃப்ட் வரல. இந்த மூணு வரியை எழுதி கண்ணாடியில ஒட்டி வெச்சுக்குங்க, பாதி பயம் போயிடும். நாம காவல் காக்க வேண்டியது பத்து நாளைத்தான், பத்து மாசத்தை இல்ல.

மூணாம் நாள் மூஞ்சி

இதை யாரும் எனக்கு சரியா சொல்லல. மூணாம் நாள் காலையில எழுந்து கண்ணாடி பாத்தா நெத்தி வீங்கி, புருவத்துக்கு மேல சதை தொங்கி, மத்தியானத்துக்குள்ள அது இறங்கி கண்ணு ரெண்டும் கோடு மாதிரி ஆயிடுச்சு. பக்கத்து வூட்டு அத்தை மோர் குடுக்க வந்தவங்க "இன்னா நைனா, தேன்கூட்டுல கையை வுட்டியா"ன்னு கேட்டாங்க. நான் ஏதோ அலர்ஜின்னு பயந்து டாக்டருக்கு போட்டோ மேல போட்டோ அனுப்பினேன், அவரு "சரியா மூணாம் நாள், நல்லா இருக்கு"ன்னு பதில் போட்டாரு.

விஷயம் இதான். தலையில மரத்துப்போற மருந்தோட சலைனும் நிறைய ஏத்தியிருப்பாங்க, அந்த நீர் பூமி இழுக்கிற பக்கம் இறங்குது, நெத்தி, கண்ணு, சிலருக்கு கன்னம் வரைக்கும். ரெண்டாம் நாள் ஆரம்பிச்சு மூணு நாலாம் நாள் உச்சத்துக்குப் போயி ஆறு ஏழாம் நாள் வடிஞ்சிடும். வலி இருக்காது, பாக்கத்தான் பயங்கரமா இருக்கும். தலையைத் தூக்கி வெச்சு படுக்கிறது, குனியாம இருக்கிறது, பட்டாணி பாக்கெட்டைத் துணியில சுத்தி நெத்தியில, புருவத்துக்கு மேல பத்து நிமிஷம் வெக்கிறது. நெத்தியில மட்டும்தான், நட்ட இடத்துல ஐஸ் படவே கூடாது. வீக்கத்துக்கு மாத்திரை குடுத்திருந்தா சொன்ன நாள் வரைக்கும் முழுசா சாப்பிடணும், நாலு நாள்ல வடிஞ்சிடுச்சேன்னு பாதியில நிறுத்தாதீங்க.

ஒரு கண்ணு மட்டும் வீங்கி, செவந்து, சூடா, தொட்டா வலிக்குதுன்னா அது இந்த வீக்கம் இல்ல, அன்னிக்கே டாக்டரைப் பாருங்க.

இன்னொரு வேடிக்கை, விக்கல். சிலருக்கு ஆபரேஷன் முடிஞ்ச ஒண்ணு ரெண்டு நாளைக்கு விடாம விக்கல் வரும், எனக்கு வந்துச்சு, யாரு நினைக்கிறாங்கன்னு அம்மா ஊர்ல இருக்கிற பேரெல்லாம் சொல்லிப் பாத்தாங்க. அதுவும் தெரிஞ்ச விஷயம்தான், ரெண்டு நாளைக்கு மேல போனா மாத்திரை எழுதிக் குடுப்பாங்க.

தலை கழுவுறது

இங்க கொஞ்சம் விளக்கமா சொல்றேன், ஏன்னா இங்கதான் ரெண்டு பக்கமும் தப்பு நடக்குது. ஒருத்தன் பயந்துகினு தண்ணியே ஊத்தாம பக்கு கட்டி வெச்சுக்கிறான், இன்னொருத்தன் அரிக்குதுன்னு தேய்ச்சுடறான்.

முதல் கழுவல் ரெண்டாம் நாளோ மூணாம் நாளோ கிளினிக்லயே பண்ணிக் காட்டுவாங்க, அதை வீடியோ எடுத்துக்குங்க. அதுக்கப்புறம் வூட்டுல தினமும். ஷவர் கூடாது, அந்த வேகம் ஆகாது. நம்ம ஏரியாவுல போர் தண்ணி பல இடத்துல உப்பு, சோப்பு போட்டா நுரையே வராது, தலையில ஊத்தினா காஞ்சு வெள்ளையா படியும், அதனால நான் முதல் பத்து நாள் குடிக்கிற கேன் தண்ணியில ரெண்டு சொம்பு தனியா வெச்சுகினேன். குளிர்ச்சியும் இல்லாம சூடும் இல்லாம.

நான் ஸ்டூல்ல உக்காந்துப்பேன், அம்மா சொம்பைப் புடிச்சுப்பாங்க. பேபி ஷாம்பூ ரெண்டு சொட்டு உள்ளங்கையில விட்டு, தண்ணி கலந்து நுரை ஆக்கி, அந்த நுரையை மட்டும் எடுத்து நட்ட இடத்து மேல ஒத்தி ஒத்தி வெக்கணும், குழந்தை கன்னத்துல பவுடர் ஒத்துற மாதிரி. விரலை நகர்த்தக் கூடாது. அஞ்சு நிமிஷம் விட்டுட்டு, சொம்பை தலைக்குக் கிட்ட வெச்சுகினு மெல்ல சாய்ச்சு ஊத்தணும். முதல் நாள் அம்மா எண்ணெய்க் குளியல் பழக்கத்துல உயரத்துல இருந்து ஊத்தப் போயி நான் போட்ட சத்தத்துல அவங்க சொம்பையே விட்டுட்டாங்க. பின்னந்தலையை மட்டும் விரல் நுனியால லேசா தேய்ச்சுக்கலாம். துண்டால துடைக்கக்கூடாது, ஃபேன் காத்துல ஆறட்டும், சூடா காத்து அடிக்கிற டிரையர் வேணாம்.

எட்டாம் நாள்ல இருந்து பத்தாம் நாளுக்குள்ள டாக்டர் "இப்ப தேய்க்கலாம்"னு சொல்வாரு. அப்ப நுரையைப் போட்டு பத்து பதினஞ்சு நிமிஷம் ஊற விட்டு, விரல் சதையால (நகத்தால இல்ல) குட்டிக் குட்டி வட்டமா தேய்ச்சா பக்கு ஊறி விழும். ரெண்டு வாரத்துக்குள்ள எல்லா பக்கும் போயிடணும், அதுக்கு மேல விட்டு வெச்சா அதுக்கு அடியில கிருமி சேர்ந்து பரு வரும்.

பன்னெண்டாம் நாள் என் கையில ஒரு பக்கு வந்துச்சு. அதுல ரெண்டு முடி நட்டுகினு இருந்துச்சு, முடியோட நுனியில வெள்ளையா ஒரு சின்ன உருண்டை. எனக்கு காலு நடுங்கிடுச்சு, வேரே வந்துடுச்சுன்னு. தரையில உக்காந்து அதை டார்ச் அடிச்சு பாத்தேன், போட்டோ எடுத்து பெருசு பண்ணிப் பாத்தேன். அப்புறம் டாக்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டாரு: "ரத்தம் வந்துச்சா?" வரல. கிராஃப்ட் பிடுங்கினு வந்துச்சுன்னா அந்த இடத்துல ரத்தம் வரும். ரத்தம் இல்லாம வந்தா அது உதிர்ற முடி, அந்த வெள்ளை உருண்டை முடியோட அடி முனை, வேர் உள்ளயே பத்திரமா இருக்கு.

இடிச்சுகினா

எங்க வூட்டு பாத்ரூம் நிலை தாழ்வு, முப்பது வருஷமா குனிஞ்சு போய் வந்த நிலை, ஆறாம் நாள் மறந்துட்டேன். ணங்குனு ஒரு அடி, முன்னெத்தி ஓரத்துல மிளகு சைஸ்ல ரத்தம். அழுத்தமா தேய்க்காம, சுத்தமான காஸ் துணியை (காயத்துக்கு கட்டு போடுற துணி) வெச்சு பத்து நிமிஷம் அப்படியே புடிச்சுகினு இருந்தேன், நின்னுடுச்சு. மூணு கிராஃப்ட் போயிருக்கும்னு டாக்டர் சொன்னாரு. 2,400ல மூணு. கிராஃப்ட் வெளிய வந்து விழுந்துச்சுன்னா அதை நீங்களே திரும்ப சொருகப் பாக்காதீங்க, அழுத்திப் புடிச்சுகினு போன் பண்ணுங்க. அன்னிக்கு சாயங்காலமே நான் நிலையில ஒரு சிவப்புத் துணியைக் கட்டித் தொங்கவிட்டேன், இன்னும் இருக்கு.

சாப்பாடும் பத்தியமும்

டாக்டர் சொன்ன பத்தியம்: ஒரு வாரத்துக்கு சாராயம் வேணாம், சிகரெட் குறைஞ்சது ரெண்டு வாரம் வேணாம், வலிக்கு அவங்க எழுதின மாத்திரை மட்டும், மெடிக்கல்ல நீங்களா ஆஸ்பிரின், புரூஃபென் வாங்கிப் போடாதீங்க, ரத்தக் கசிவு கூடும். முட்டை, பருப்பு, கறி நல்லா சாப்பிடுங்க. தலை வேர்க்கிற அளவுக்கு காரம் வேணாம்.

அம்மா சொன்ன பத்தியம்: கத்திரிக்காய் கூடவே கூடாது, கருவாடு கூடாது, அரிக்கும். இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய்க்கு 2023ல புவிசார் குறியீடே குடுத்துட்டாங்க, நான் அதை ஒரு மாசம் கண்ணால மட்டும் பாத்தேன். ஆம்பூர்ல இருந்து ஒரு ஃப்ரெண்டு பிரியாணி வாங்கி வந்தப்ப கூட வந்த கத்திரிக்காய் தொக்கை அம்மா தனியா எடுத்து வெச்சுட்டாங்க. டாக்டரைக் கேட்டேன், அவரு கத்திரிக்காய் பத்தி ஒண்ணும் சொல்றதுக்கில்லைன்னு சிரிச்சாரு. இந்த சண்டையில நீங்க ஜெயிக்க மாட்டீங்க, விட்டுக் குடுத்துடுங்க. ஆனா மஞ்சள் பத்து, வேப்பிலை அரைச்சு பூசுறது, தேங்காய் எண்ணெய், விபூதி, எதுவும் தலையில வெக்க விடாதீங்க, அதுல மட்டும் உறுதியா இருக்கணும். எண்ணெய் எப்ப வெக்கலாம்னு டாக்டரே சொல்வாரு, முதல் சில வாரத்துக்கு கிடையாது. பெரியவங்க தலையில கை வெச்சு ஆசீர்வாதம் பண்ண வந்தா தோளைக் காட்டுங்க.

மேல்விஷாரத்துல இருந்து எங்க கம்பெனிக்கு வர்ற ஒரு பாய் எனக்கு அப்புறம் பண்ணிகினாரு, அவருக்கு இருந்த கவலை தொழுகை, நெத்தி தரையில படணுமே. டாக்டர் பத்து பன்னெண்டு நாள் நாற்காலியில உக்காந்து தொழச் சொல்லிட்டாரு, உடம்பு சரியில்லாதவங்களுக்கு அதுக்கு அனுமதி இருக்குன்னு பாயே நிம்மதியா சொன்னாரு. முன்னாடியே கேட்டு வெச்சுகினது நல்லதாப் போச்சு.

வண்டி, வெயில், வேலை

ஹெல்மெட்தான் பெரிய தலைவலி. டாக்டருக்கு டாக்டர் மாறுது, ரெண்டு வாரம்னும் சொல்றாங்க நாலு வாரம்னும் சொல்றாங்க, எனக்கு மூணு வாரம். ஹெல்மெட் போடக்கூடாதுன்னா பைக் ஓட்டக்கூடாதுன்னு அர்த்தம், ஹெல்மெட் இல்லாம ஓட்டலாம்னு இல்ல, அந்த ஆராய்ச்சி நம்மாளுங்க நிறைய பேர் பண்றாங்க. ராணிப்பேட்டைக்கு வேலைக்கு நான் அந்த மூணு வாரம் முடியிற வரைக்கும் பஸ்லதான் போனேன், ரத்தினகிரி, மேல்விஷாரம், ஆற்காடுன்னு நின்னு நின்னு போற பஸ், காலையில கூட்டம் ஏறுறதுக்கு முன்னாடி முதல் வண்டியைப் புடிச்சு ஜன்னல் ஓரமா உக்காந்துப்பேன், கம்பியில இருந்து தள்ளி. திரும்ப ஹெல்மெட் போடுறப்ப உள்ள இருக்கிற பஞ்சு உறையைக் கழட்டி துவைச்சுடுங்க, நேரா மேல இருந்து மாட்டி நேரா மேல தூக்கிக் கழட்டணும், முன்னாடி பின்னாடி இழுக்கிற வேலை வேணாம்.

வெயிலுக்கு குடை, வேற வழி இல்ல. ஆம்பளை குடை புடிச்சா சிரிப்பாங்கன்னு பாத்தா கிரீன் சர்க்கிள் சிக்னல்ல நிக்க முடியாது. பத்து நாள் கழிச்சு தளர்வான துணித் தொப்பி போடலாம்னு சொன்னாங்க. தலையில நேரா வெயில் படுறதை குறைஞ்சது ஒரு மாசமாவது தவிர்க்கணும், இல்லன்னா அந்த இடம் கறுத்து கொஞ்ச காலம் அப்படியே நிக்கும். ஜிம் மூணு நாலு வாரம் கழிச்சு, கிணத்துல குதிக்கிறது, நீச்சல் குளம் ஒரு மாசம் கழிச்சு.

லீவு பத்து நாள் எடுத்துக்குங்க. பொய்யும் ஒண்ணு ரெடி பண்ணிக்குங்க, ஏன்னா நம்ம ஊர்ல ஆபரேஷனுக்கு அடிச்ச மொட்டைத் தலையோட வந்தா ஒரே கேள்விதான், "எங்க, திருப்பதியா திருத்தணியா?" நான் வள்ளிமலைன்னு சொன்னேன். "பிரசாதம் எங்க?"ன்னு கேப்பாங்கன்னு யோசிக்கல.

கொட்டும், கொட்டட்டும்

மூணாவது வாரத்துல இருந்து நட்ட முடியெல்லாம் உதிர ஆரம்பிக்கும். ரெண்டு வாரத்துல இருந்து ஆறு வாரத்துக்குள்ள பெரும்பாலும் கொட்டிடும், சிலருக்கு பக்கத்துல இருந்த பழைய முடியும் அதிர்ச்சியில கொஞ்சம் கொட்டும், பின்னந்தலையில எடுத்த இடமும் திட்டுத் திட்டா தெரியலாம். ரெண்டாம் மாசம் நான் பாக்க ஆபரேஷனுக்கு முன்னாடி இருந்ததை விட மோசமா இருந்தேன், லட்சத்துல செலவு பண்ணிட்டு. இதைத்தான் ஜனங்க "ஃபெயிலியர் ஆயிடுச்சு"ன்னு நினைச்சு கண்ட இடத்துல கண்ட ஊசி போட்டுக்கிறாங்க. வேர் உள்ள ஓய்வு எடுத்துகினு இருக்கு. மூணு நாலாம் மாசம் பூனை முடி மாதிரி மெல்லிசா வரும், முதல்ல கொஞ்சம் சுருண்டு முரட்டுத்தனமா இருக்கும், ஆறாம் மாசம் ஆளுங்க கவனிப்பாங்க, பன்னெண்டாம் மாசம்தான் கணக்கு பாக்கணும், உச்சந்தலையில நட்டவங்களுக்கு இன்னும் சில மாசம் கூட ஆகும். தினமும் கண்ணாடி பாக்காதீங்க. மாசத்துக்கு ஒரு தரம், அதே லைட்டு, அதே சுவரு, ஒரு போட்டோ.

இந்தக் காலத்துல வர்ற சின்னத் தொல்லைங்க: அரிப்பு (சலைன் அடிங்க, சொறியாதீங்க), தலை மேல மரத்துப் போன மாதிரி இருக்கிறது (வாரக்கணக்குல, சிலருக்கு மாசக்கணக்குல, தானா சரியாகும்), ரெண்டாம் மூணாம் மாசம் பரு. பரு புது முடி தோலை முட்டிகினு வர்றதால வரலாம், ஒண்ணு ரெண்டுன்னா வெதுவெதுப்பான தண்ணியில துணியை நனைச்சு ஒத்தடம் குடுங்க, பிதுக்காதீங்க. கொத்துக் கொத்தா வந்து வலிச்சா மருந்து வேணும்.

மினாக்ஸிடில், ஃபினாஸ்டிரைடுங்கிற ரெண்டு முடி மருந்து பத்தி ஒரு வார்த்தை. நட்ட முடி பின்னந்தலை முடி, அது அதோட குணத்தை மாத்திக்காது. ஆனா நடாம விட்ட பழைய முடி தன் பாட்டுக்கு கொட்டிகினுதான் இருக்கும், அதைக் காப்பாத்தத்தான் இந்த மருந்து. மினாக்ஸிடில் தடவுறதை எப்ப ஆரம்பிக்கணும்னு டாக்டர் சொல்ற வரைக்கும் பாட்டிலைத் திறக்காதீங்க. ஃபினாஸ்டிரைடு டாக்டர் சீட்டு இல்லாம வேணாம், சிலருக்கு ஆசை குறையும், மனசு சோர்வாகும், அப்படி ஏதாவது தெரிஞ்சா கூச்சப்படாம சொல்லணும். வூட்டுல கர்ப்பமா இருக்கிறவங்க உடைஞ்ச மாத்திரையைத் தொடக்கூடாது.

எதுக்கு ஓடணும்

மேல சொன்னதெல்லாம் பொறுத்துக்க வேண்டியது. இப்ப சொல்றது பொறுக்கக் கூடாதது. குறைஞ்சுகினு வந்த வலி திரும்ப ஏறுது. காய்ச்சல். சீழ், கெட்ட நாத்தம். நட்ட இடத்துல ஒரு திட்டு மட்டும் நீலமாவோ கறுப்பாவோ மாறுது, அது பக்கு மாதிரி இல்லாம தோலே கறுக்கிற மாதிரி இருக்கு. பதினஞ்சு நிமிஷம் அழுத்தியும் ரத்தம் நிக்கல. இதுல எது வந்தாலும் சென்னை டாக்டருக்கு போட்டோ அனுப்பிட்டு ரெண்டு நாள் டிக் மார்க்கைப் பாத்துகினு உக்காந்திருக்காதீங்க, இங்கயே தோல் டாக்டரைப் பாருங்க, நாம இருக்கிறது வேலூர்ல, சி.எம்.சி இருக்கு, அடுக்கம்பாறை அரசு ஆஸ்பத்திரி இருக்கு. "முடிக்காகப் போனேன்னு சொன்னா சிரிப்பாங்க"ன்னு ஒருத்தன் வெக்கப்பட்டுகினு மூணு நாள் காய்ச்சலோட இருந்தது எனக்குத் தெரியும். மாத்திரை போட்டதும் உடம்பெல்லாம் தடிப்பு, மூச்சு வாங்குதுன்னா யோசிக்காம 108.

போறப்ப ஆபரேஷன் அன்னிக்கு குடுத்த டிஸ்சார்ஜ் பேப்பர், சாப்பிடுற மாத்திரை அட்டை ரெண்டையும் எடுத்துகினு போங்க.

முடி வெட்டுறது

கத்திரி மட்டும்னா ஒரு மாசம் கழிச்சு வெட்டலாம்னாங்க, மெஷின் முன்பக்கம் போடுறதுக்கு இன்னும் நாளாகும், அதுவும் டாக்டரைக் கேட்டுட்டுத்தான். நான் மூணு மாசம் கழிச்சுதான் எங்க தெரு சலூனுக்குப் போனேன். பத்து வருஷமா எனக்கு வெட்டுற அண்ணன், அவருகிட்ட வள்ளிமலைக் கதை எடுபடல, பின்னாடி மெஷினை வெச்சவரு நிறுத்திட்டாரு. "இன்னாபா, பின்னாடி புள்ளி புள்ளியா வெள்ளையா தெரியுது?" கிராஃப்ட் எடுத்த இடமெல்லாம் குட்டித் தழும்பா நிக்கும், முடியை ரொம்ப ஒட்ட வெட்டினாத்தான் தெரியும். நான் உண்மையைச் சொன்னேன். அவரு கண்ணாடியில என்னை ஒரு நிமிஷம் பாத்தாரு, மெஷின்ல இருந்த ரெண்டாம் நம்பர் சீப்பைக் கழட்டி வெச்சுட்டு, முடியை இன்னும் நீளமா விடுற நாலாம் நம்பரை மாட்டினாரு. அப்புறம் மெதுவா, "எவ்ளோ ஆச்சு?"